அழமுடியாத தாய்மார்

"கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடேல்லை" என்று ஊர் பழிக்கும் பெண்களை நாம் அறிவோம். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பலர் இன்றுவரை திரும்பவில்லை. அவர்களின் தாய்மாரில் ஒருவர் என்னிடம், "அழுதால் அவனைச் சாகக் குடுத்தமாதிரிப் போயிடும் பிள்ளை" என்றார்.

யோசித்துப் பாருங்கள். செத்தவீடு என்றால் ஊர் கூடும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். எட்டு, அந்தியேட்டி என்று துக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரேதமே கிடைக்காதவள் எந்த நாளில், எந்த முற்றத்தில் இருந்து அழுவது? அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதனைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். அடக்கிய துக்கம் தலையிடி, நெஞ்சு நோ, நித்திரையின்மை என உடம்பில் வரும். நாமோ பனடோல் போட்டுக் காலம் தள்ளுவோம்!

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி இவர்களை நெருக்குவதும் நடக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே காணாமல் போனமைக்கான சான்றிதழ் பெறலாம். இதனைப் பலர் அறியார்.

அழும்படி வற்புறுத்தவும் வேண்டாம். மகனைப் பற்றிக் கேளுங்கள். அவன் கடலில் நீந்தியதை, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்ததை எல்லாம் சொல்வார். இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.