தண்ணீர் நடந்து போகும் பாலம்

பாலம் என்றால் கீழே தண்ணீர் ஓடும், மேலே நாம் போவோம். மாத்தூரில் கீழேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர்! கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் சூரியோதயம் பார்த்து, பிள்ளைகளுக்குச் சங்கு, பாசிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரை நாள் ஒதுக்கி இந்தத் தொட்டிப் பாலத்தையும் பார்த்துவிட்டு வாருங்களேன்.

தொட்டிப் பாலம் என்பதை ஊரில் சிலர் 'தொட்டில் பாலம்' என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு என் சின்ன மகள், "அம்மா, ஆடுமா? ஆடுமா?" என்று வழியெல்லாம் நச்சரித்தாள். ஆடாது. 28 தூண்கள் தாங்குகின்றன. ஆற்றிலிருந்து 115 அடி உயரம். அதாவது பத்து மாடி வீட்டு மொட்டை மாடியில் நிற்பது மாதிரி. நீளம் 1,200 அடிக்கு மேல்.

இங்கே இரண்டு பக்கமும் குன்று, நடுவில் ஆழமான பள்ளம், அதன் அடியில் பறளியாறு. பட்டணங்கால் கால்வாய் ஒரு குன்றின் உயரத்தில் வருகிறது. அதைப் பள்ளத்தில் இறங்க விட்டால், எதிர்க் குன்றுக்கு ஏற்றுவது யார்? அதனால் உயரத்தை விடாமல் காங்கிரீட் தொட்டி கட்டி, அந்தரத்திலேயே அக்கரைக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீரைத் தகரத்தில் பிடித்து அண்டாவுக்குக் கொண்டு வருவோமே, அதே வேலைதான். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. தொட்டி 7 அடி ஆழம், ஏழரை அடி அகலம். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது எடுத்த முயற்சியில் உருவாகி, 1966-ல் முடிந்தது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் நிலங்களுக்கு இதனால் பாசனம்.

நாங்கள் போனது என் மாமியாருக்காக. விளவங்கோடு பக்கம் பிறந்தவர். எழுபத்து நாலு வயது, இரண்டு முழங்காலும் தகராறு. இந்தப் பாலம் கட்டும்போது அவருடைய அம்மா சித்தாள் வேலைக்குப் போனாராம். சாந்துச் சட்டி சுமந்து சுமந்து உச்சி முடி கொட்டிப் போன கதையை எனக்குக் கல்யாணமான நாள் முதல் சொல்லுவார். பாலம் முடிந்த பிறகு அவரே வாக்கப்பட்டு மதுரைக்கு வந்துவிட்டார். மேலே ஒரு தடவைகூட நடந்ததில்லை. "கண்ணு மங்குறதுக்கு முன்னால ஒரு வாட்டி கூட்டிட்டுப் போங்க மக்களே" என்று போன வருஷம் கேட்டபோது, காலாண்டு லீவில் கிளம்பிவிட்டோம்.

முழங்கால் வலிக்காரர்களும் தைரியமாகப் போகலாம். திருவட்டாறிலிருந்து மாத்தூர் சுமார் 3 கிலோமீட்டர்தான். பாலத்தின் தலைமாட்டுக்கே ரோடு போகிறது. படி ஏற வேண்டாம், சமதளமாக நடக்கலாம். தொட்டியின் மேல் ஒரு பக்கமாகப் பலகை போல் சிமெண்ட் மூடி போட்டிருக்கிறார்கள், அதுதான் நடைபாதை. மூடாத பக்கத்தில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் நம்மோடு சேர்ந்து ஓடி வருகிறது. அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் கோடையில் போகாதீர்கள். வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரைதான் பாசனத்துக்கு விடுகிறார்கள். மற்ற மாதங்களில் தொட்டி காய்ந்து கிடக்கும்.

எனக்கு உயரம் என்றாலே கிறுகிறுப்பு. நடுப்பாலத்தில் கீழே தென்னை மரங்களின் தலையைப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. அப்படி வந்தால் கண்ணை மூடக்கூடாது, கிறுகிறுப்பு அதிகமாகும். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தூரத்து மலையையே பார்த்து நிதானமாக மூச்சு விட்டால் அடங்கிவிடும். மேலே காற்றும் பலம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும். போட்டோவுக்காகக் குழந்தையைச் சுவர் மேல் உட்கார வைத்த ஒரு தகப்பனாரைப் பார்த்து, முன்பின் தெரியாதவர் என்றுகூடப் பார்க்காமல் என் மாமியார் சத்தம் போட்டார். எனக்கு அதில் சங்கடமே இல்லை.

அவர் நடந்தது என்னவோ ஆமை நடைதான். பத்தடிக்கு ஒரு தரம் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பார். அக்கரையில் கால்வாய் மறுபடி மண்ணைத் தொட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் போகிறது. "எங்க வயலுக்கு இந்தத் தண்ணிதான்" என்றார். அந்த வயல் இப்போது வயலாக இல்லை. வாழையாகிவிட்டது, ஒரு பக்கம் வீடும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் நெல் போட்ட இடமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் மாறியிருக்கிறது. தெரிந்தும் அவர் வயல் என்றே சொன்னார். நானும் திருத்தவில்லை.

பாலத்தின் ஓரத்திலிருந்து ஆற்றுக்குப் படிக்கட்டு இறங்குகிறது. செங்குத்து, நிறையப் படி. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். என் கணவர் பிள்ளைகளோடு இறங்கினார். நானும் மாமியாரும் மேலேயே அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டு உட்கார்ந்தோம். இறங்கும்போதே சின்னவளைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தத் தூண ஆச்சிக்காக ஒருக்கத் தொட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அரை மணி கழித்து மூச்சிரைக்க மேலே வந்தவள், ஈரக் கையை நேரே ஆச்சி கன்னத்தில் வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கு ஆச்சி. ஒண்ணு இல்ல, மூணு தூணத் தொட்டேன்."