பித்தப்பையில் தெரிவது கல்லா, கசடா, கட்டியா?

கலியாணவீட்டில் இறைச்சிக் கறியும் எருமைத் தயிருமாகச் சாப்பிட்டு வந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே நோவு கிளம்புகிறது. முதுகுப்பக்கமாக வலது தோள்பட்டை வரை இழுக்கிறது. ஓங்காளமும் வாந்தியும் சேர்கின்றன. எழுவான்கரையோ படுவான்கரையோ, நம்மவர்கள் இதற்கு உடனே வைக்கும் பெயர் ‘காஸ்ட்ரைட்டிஸ்’. பார்மசியில் குளிசை வாங்கி விழுங்குவோம், நோவு தணிந்ததும் மறந்துவிடுவோம்.

சிலவேளை அது இரைப்பை நோவாகவே இருக்கலாம். ஆனால் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பித்தப்பையைச் சந்தேகிக்க வேண்டும். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைத்து, கொழுப்பு உணவு வந்ததும் சுருங்கிக் குடலுக்குள் விடும் சிறு பை அது. அதன் வாசலைக் கல் அடைத்தால்தான் இந்த நோவு. கல் விலகினால் சில மணித்தியாலத்தில் அடங்கும். 6 மணித்தியாலம் கடந்தும் அடங்காமல் காய்ச்சலும் சேர்ந்தால் பையில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவு குறைவாக இருக்கும்போதே உள்ளே பை அழுகத் தொடங்கியிருக்கக்கூடும்.

முதலில் சாதாரண ஸ்கான்

பித்தப்பைக்கு முதற் பரிசோதனை சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான். கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். சுமார் 6 மணித்தியாலம் சாப்பிடாமல் போகவேண்டும். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளிருப்பது சரியாகத் தெரியாது. கல் வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கறுப்பு நிழல் விழும். நோயாளி சரிந்து படுத்தால் கல்லும் உருளும். பெரும்பாலானோருக்கு நோய் இந்த ஸ்கானிலேயே பிடிபட்டுவிடும்.

டெங்கு காட்டும் பொய்த்தோற்றம்

பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் தடித்துவிட்டது என்பார்கள். தடித்த சுவரெல்லாம் பித்தப்பை நோய் அல்ல. மாரி மழையோடு டெங்கு பெருகும் நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. டெங்கில் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பைச் சுவரும் வீங்கும், வலது வயிறும் நோகும். இதைப் பித்தப்பை அழற்சி என்று நம்பி வெட்டப்போனால், இரத்தச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும் உடம்பில் இரத்தப்போக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே எத்தனை நாள் காய்ச்சல் என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். காய்ச்சலோடு நோவு வந்தால் டைக்குளோபினாக், இபுபுரோபன் குளிசைகளை நீங்களாக எடுக்காதீர்கள்.

குமிழி ஏற்றிப் பார்க்கும் ஸ்கான்

சாதாரண ஸ்கானில் சில சந்தேகங்கள் தீராது. பைக்குள் அசையாமல் ஒட்டிக்கிடப்பது இறுகிப்போன பித்தக் கசடா, வளர்ந்த கட்டியா? சுவரில் ஒரு பகுதி அழுகிவிட்டதா, ஓட்டை விழுந்துவிட்டதா? இந்தக் கேள்விகளுக்கு உதவுவதுதான் நுண்குமிழி ஏற்றிச் செய்யும் ஸ்கான். குமிழிகள் ஒலியை வலுவாக எதிரொலிப்பதை அமெரிக்காவில் கிராமியாக், ஷா என்ற இருவர் 1968இல் எழுதினார்கள். இன்று பரவலாகப் பயன்படும் சல்பர் ஹெக்ஸாபுளோரைட் வாயுக் குமிழி மருந்துக்கு ஐரோப்பா 2001இல் அனுமதி கொடுத்தது.

சிறு குப்பியில் இருக்கும் வெள்ளைத் தூளோடு 5 மில்லிலீற்றர் உப்புநீர் சேர்த்து 20 செக்கன் பலமாகக் குலுக்குவார்கள். பால் நிறமாக வரும் அந்த நீரில் சிறிதளவை கைநரம்பில் ஏற்றுவார்கள். குமிழி ஒன்றின் சராசரி அளவு 2.5 மைக்ரோன், செங்குருதிக் கலத்தை விடச் சிறியது. அது இரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. ஆகவே இரத்தம் ஓடும் இடமெல்லாம் சில செக்கன்களில் திரையில் ஒளிரும். கசடுக்கு இரத்தக்குழாய் இல்லை, கறுப்பாகவே கிடக்கும். கட்டி ஒளிரும். அழுகிய சுவர் ஒளிராது, ஓட்டை விழுந்த இடத்தில் ஒளிக்கோடு அறுந்து தெரியும்.

இந்த வாயு மூச்சுவழியே வெளியேறிவிடுகிறது, சிறுநீரகத்துக்கு வேலை வைப்பதில்லை. மருந்தில் அயோடினும் கிடையாது. சிறுநீரக நோய் மலிந்த நம் நாட்டில், சீ.ரி. ஸ்கானுக்கு ஏற்றும் மருந்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் முன்பு ஒவ்வாமை வந்தவர்களும் கடுமையான இதய நோயுள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

எதைக் கேட்கலாம்?

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. சாதாரணத் தசை வளர்ச்சியும் ஒளிரும். ஒளிரும் வேகம், மங்கும் வேகம், சுவரின் நிலை எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தியர் முடிவெடுப்பார். 10 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள வளர்ச்சியென்றால், சத்திரசிகிச்சைக்கு உடல் தாங்குபவர்களுக்குப் பையை அகற்றச் சொல்வதே வழமை. குமிழி ஸ்கான் எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதுமில்லை, எல்லோருக்கும் தேவைப்படுவதுமில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ‘கசடா கட்டியா தெரியவில்லை’ என்ற பொருளில் எழுதியிருந்தால், இந்தப் பரிசோதனை உதவுமா, எங்கே செய்யலாம் என்று தயங்காமல் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள், வளர்ச்சி பெருத்திருக்கிறதா என்பதை அவைதான் காட்டும்.

கண் மஞ்சளாகி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்ந்தால் ஸ்கானுக்கு நாள் பார்த்திருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்து அம்பியூலன்ஸை வரவழையுங்கள்.