மெல்லொலி கேட்கும் கருவி

வாளையாறு கடந்து கஞ்சிக்கோட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் குடும்பங்கள் சிலவற்றிலேனும் முன்னாளில் ஒரு வானொலிப் பெட்டி இருந்திருக்கும். இரவில் தொலைதூர நிலையத்தைத் திருகிப் பிடித்தால் பாட்டோடு இரைச்சலும் வரும். ஒலியைக் கூட்டினால் பாட்டு மட்டுமா கூடும்? இரைச்சலும் கூடும். பெருக்கி எனும் கருவி தனக்கு வந்த அனைத்தையும் பெருக்குவதோடு, தன் பங்காகவும் சிறிது இரைச்சலைச் சேர்த்துவிடும். இப்பழைய தொல்லையே இன்று குவாண்டம் கணிப்பொறி அமைப்போரையும் வாட்டுகிறது.

அக்கணிப்பொறியின் அடிப்படை உறுப்பு கியூபிட். அதில் ஒரு வகை, அலுமினியத்தாலான சிறு மின்சுற்று. −273 பாகை செண்டிகிரேடை ஒட்டிய கடுங்குளிரில் இயங்குவது. அதன் நிலை 0 எனவோ 1 எனவோ அறிய, நுண்ணலை ஒன்றை அனுப்பித் திரும்பி வருவதை ஆராய்வர். அலையாற்றலின் மிகச் சிறிய துணுக்குக்குக் குவாண்டம் என்று பெயர். வலிய அலை கியூபிட்டைக் கலக்கிவிடுமாதலால், ஒரு சில குவாண்டங்களே கொண்ட மெல்லலையே பயன்படும். கியூபிட்டும் நெடுநேரம் காத்திராது. பல சுற்றுகளில் அதன் ஆயுள் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. விடை இரைச்சலில் மூழ்கினால், அதைப் பிரித்தறிவதற்குள் நிலை மாறிவிடும், கணக்கும் வீணாகும்.

குறைக்கடத்திப் பெருக்கிகளை எவ்வளவு குளிர்வித்தாலும் அவை பல குவாண்டம் அளவு இரைச்சலைச் சேர்க்கின்றன. முதற்பெருக்கி சேர்த்த இரைச்சலைப் பின்வரும் பெருக்கிகளால் நீக்கவும் இயலாது. ஆகவே முதலாவது தூயதாதல் வேண்டும்.

இதற்கு வழி தந்தது ஜோசப்சன் சந்தி. இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய காப்புப் படலம் இருப்பினும் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும் என்று 1962-இல் பிரையன் ஜோசப்சன் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்தபோதே கணித்தார். மின்தடை இல்லாமையால் இரைச்சலும் மிகக் குறைவு. இது பெருக்குவது எங்ஙனம்? ஊஞ்சலில் நின்றாடும் சிறுவன் உரிய தருணத்தில் குனிந்து நிமிர்ந்து ஆட்டத்தை வளர்க்கிறான் அன்றோ? அவ்வாறே வலிய அலையொன்று சந்தியின் தன்மையைத் தாளம் தவறாது மாற்ற, மெல்லலை வலுப்பெறுகிறது. ஆயினும் அலை முழுவதையும் பெருக்கும் கருவி அரைக் குவாண்டம் இரைச்சலையேனும் சேர்த்தே தீரும் என்பது இயற்கையின் விதி. 1982-இல் கார்ல்டன் கேவ்ஸ் இதை நிறுவினார். நல்ல ஜோசப்சன் பெருக்கிகள் அவ்வெல்லையை நெருங்கிவிட்டன.

எனினும் ஒரு குறை இருந்தது. ஊஞ்சல் தனக்குரிய வேகத்தில்தானே ஆடும்? இப்பெருக்கியும் குறுகிய அலைவரிசையில் மட்டுமே நன்கு உழைத்தது. பல கியூபிட்டுகளை ஒரே கம்பிவழி ஆராய அது போதாது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். விஜயராகவன் குழுவினர் 2015-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். பெருக்கியும் கம்பியும் இணையும் இடத்தில் மின்மறுப்பைத் திட்டமிட்டு அமைத்து, 640 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அலையின் திறனை நூறு மடங்காக்கிக் காட்டினர். இரைச்சலோ இயற்கை எல்லையை ஒட்டியே நின்றது. 2024-இல் அந்நிறுவனம், புனேயிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தோடும் டி.சி.எஸ். நிறுவனத்தோடும் சேர்ந்து, ஆறு கியூபிட் செயலியைச் சோதித்தது.

பெற்றோரே, இக்கல்வி நமக்கு எட்டாக்கனி அன்று. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யின் வளாகம் நம் கஞ்சிக்கோட்டிலேயே அமைந்துள்ளது. ஆலை இரைச்சலுக்கிடையே வளரும் நம் பிள்ளைகள் கணிதமும் இயற்பியலும் ஊன்றிக் கற்பாராயின், இயற்கையின் மெல்லொலி கேட்கும் கருவியை நாளை அவர்களே அமைப்பர். அதற்கு இன்று நாம் செய்யவேண்டியது, அவர்கள் கேட்கும் கேள்விக்குச் செவிசாய்ப்பதே.