67-லிருந்து 17! கேம்டன் என்ற குட்டி நகரத்தின் கதை தெரியுமா?

பெரிய நகரத்தில்தான் பெரிய குற்றங்கள் நடக்கும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது கேம்டன். டெலவேர் ஆற்றின் இந்தக் கரையில் கேம்டன், அந்தக் கரையில் பிலடெல்பியா. மொத்த நிலப்பரப்பே சுமார் 23 சதுர கிலோமீட்டர்தான்! 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 72,000-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் இந்தக் குட்டி ஊர் சிந்திய ரத்தமும், அதிலிருந்து மீண்டுவரும் விதமும்... அடேங்கப்பா!

இருபது நிமிடம், 13 உயிர்!

1949 செப்டம்பர் 6. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய 28 வயது ஹோவர்ட் அன்ரூ, கையில் துப்பாக்கியுடன் தன் தெருவில் இறங்கி நடந்தான். இருபது நிமிடத்துக்குள் 13 பேர் பலி! அவர்களில் மூன்று பேர் குழந்தைகள். இவனுக்குத் தண்டனை என்ன தெரியுமா? வழக்கு விசாரணையே நடக்கவில்லை! மனநோயாளி என்று மருத்துவமனையில் அடைத்தார்கள். 2009-இல் சாகும்வரை, 60 ஆண்டுகள் அடைபட்டே கிடந்தான்!

பரிசுப் பணம் யாருக்குப் போனது?

அந்தக் கொடூரத்தை நியூயார்க் டைம்ஸில் எழுதிய செய்தியாளர் மையர் பெர்கருக்கு 1950-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசுப் பணம் 1,000 டாலரை அவர் யாரிடம் கொடுத்தார் என்று ஊகிக்க முடிகிறதா? கொலையாளியைப் பெற்ற தாயிடம்!

நாய்க்குட்டி படம் நினைவிருக்கிறதா?

ரத்தம் மட்டுமே கேம்டனின் கதை இல்லை. கிராமபோன் குழாய் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாய்! அந்தப் படத்தை இசைத்தட்டுகளில் ஒட்டி அமெரிக்காவில் விற்ற விக்டர் நிறுவனம் கேம்டனில்தான் இருந்தது. கேம்பல் சூப் பிறந்ததும் இங்கேதான், 1869-இல்! உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பலான சவானாவைக் கட்டியதும் இந்த ஊர்தான்! ஆனால் 1967-இல் கப்பல் கட்டும் தளத்துக்குப் பூட்டு. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, வேலை போனது. வேலையைத் தேடி மக்களும் போனார்கள். அந்தக் காலி வீடுகளுக்குள் யார் நுழைந்தார்கள் தெரியுமா? போதை மருந்து வியாபாரிகள்!

ஒரே இரவில் 130 தீ!

1991 அக்டோபர் 30 இரவு. கேம்டனில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ எத்தனை? 130-க்கும் மேல்! ஒரே இரவில்!

மூன்று மேயர்கள், மூன்று பேரும் குற்றவாளிகள்!

1980 முதல் 2000 வரையிலான இருபதே ஆண்டுகளில், கேம்டனின் மேயர் நாற்காலியில் அமர்ந்த மூன்று பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள்! அவர்களில் ஏஞ்சலோ எரிகெட்டி சிக்கியது எப்படி? போலி அரபு ஷேக் ஒருவரை உருவாக்கி எஃப்.பி.ஐ. விரித்த வலையில்! 2013-இல் வந்த ‘அமெரிக்கன் ஹசில்’ படத்தின் மேயர் பாத்திரத்துக்கு இவர்தான் மூலம்!

நியூயார்க்கில் இப்படி நடந்திருந்தால்?

2011 ஜனவரியில் நகர நிர்வாகத்திடம் பணம் இல்லை. போலீஸ் படையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்! அடுத்து என்ன? 2012-இல் 67 கொலைகள்! லட்சம் பேருக்கு 87! அப்போது அமெரிக்காவின் சராசரி 5-ஐக்கூட எட்டவில்லை. இதே வேகத்தில் நியூயார்க்கில் நடந்திருந்தால் அந்த ஒரே ஆண்டில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள். உண்மையில் அங்கே நடந்தவை ஏறத்தாழ 420!

தெருவில் போதைச் சந்தை!

அதே காலத்தில் கேம்டன் தெருக்களில் வெளிப்படையாக நடந்த போதை மருந்துச் சந்தைகள் எத்தனை? சுமார் 175! சதுர கிலோமீட்டருக்கு ஏழுக்கும் மேல்!

போலீஸையே கலைத்தால்?

கலைத்தார்கள்! 2013 மே மாதம் நகரப் போலீஸ் துறை ஒட்டுமொத்தமாக மூடப்பட்டது. அதன் இடத்தில் கவுன்டி (மாவட்ட) போலீஸ் வந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஸ்காட் தாம்சன். காவலர்கள் காரைவிட்டு இறங்கித் தெருத் தெருவாக நடந்தார்கள். கதவைத் தட்டித் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள்!

சைக்கிளில் மணி இல்லையா? அபராதம்!

ஆரம்பத்தில் எல்லாம் இனிக்கவில்லை. சைக்கிளில் மணி இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பு என்றெல்லாம் அபராதச் சீட்டுகள் பறந்தன! பிறகு தாம்சனே இப்படிக் கேட்கத் தொடங்கினார்: ஆண்டுக்கு 13,000 டாலர் சம்பாதிக்கும் ஏழைக்கு 250 டாலர் அபராதம் விதித்தால் அவர் வாழ்க்கை என்ன ஆகும்?

கத்தியோடு ஒருவர், சுற்றிலும் போலீஸ்!

2015 நவம்பரில் ஒருவர் கத்தியை வீசியபடி தெருவில் நடந்தார். காவலர்கள் சுட்டார்களா? இல்லை! வளையம் போல் சூழ்ந்துகொண்டு அவர் கூடவே நடந்தார்கள். கடைசியில் ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஆள் பிடிபட்டார்!

ரோந்து காரே ஆம்புலன்ஸ்!

குண்டடிபட்டவர் கிடந்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பதில்லை. காவலர்களே தங்கள் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறக்கிறார்கள்! ரத்தம் வெளியேறும்போது ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிர் அல்லவா?

இப்போது எண்ணுங்கள்!

2012-இல் 67. 2014-இல் 33. நேர்கோடாகவா இறங்கியது? அதுதான் இல்லை! 2016-இல் மறுபடி 44-க்கு ஏறியது! ஆனாலும் ஊர் விடவில்லை. 2024-இல் வெறும் 17! நான்கில் மூன்று பங்கு காணாமல் போனது!

பூஜ்யம் என்றால் பூஜ்யம்!

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிச் சத்தம் அதிகம் கேட்பது கோடையில்தான். 2025 கோடையில் கேம்டனில் எத்தனை கொலைகள்? ஒன்றுகூட இல்லை! ஐம்பது ஆண்டுகளில் இதுவே முதல் முறை!

வறுமை இன்னும் தீரவில்லை, வேலையும் இன்னும் வேண்டும். ஆனாலும் 67-க்கும் 17-க்கும் நடுவே நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஐம்பது பேர்! அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்! ‘இந்த ஊர் திருந்தாது’ என்று எந்த ஊரைப் பற்றியும் இனி யாராவது சொன்னால், கேம்டனின் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்!