புல்லுக்கு உற்ற துணை பயறு

புதுதில்லியின் கோல் மார்க்கெட் வட்டாரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே பால் வாங்க மக்கள் கூடுகின்றனர். அந்தப் பாலின் விலை எதனால் ஏறுகிறது என்று ஆராய்வோர் சிலரே. கறவை மாட்டைப் பேணும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே ஆகிறது. ஆகையால், நல்ல தீவனத்தைக் குறைந்த செலவில் விளைவிக்கும் வழி உழவருக்கு மட்டுமன்றி நகர மாந்தருக்கும் வேண்டிய ஒன்றாகும்.

கோல் மார்க்கெட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின், 1936-இல் இது பீகாரிலுள்ள பூசாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்து இங்கு உருவாக்கப்பட்டதே பூசா ஜயண்ட் நேப்பியர் என்னும் ஒட்டுப்புல். கோயம்புத்தூரிலும் இத்தகைய ஒட்டுப்புற்கள் உருவாயின. இவை விதை பிடிப்பதில்லை. கரணைகளை நட்டே பயிராக்க வேண்டும்.

இப்புல்லின் விளைச்சல் மிகுதி; அதன் பசியும் மிகுதி. ஒவ்வோர் அறுவடையின்போதும் மண்ணிலுள்ள தழைச்சத்து வெளியேறுகிறது. அதனை ஈடு செய்யாவிடில் விளைச்சல் குன்றும். மேலும், வெப்ப நாட்டுப் புற்கள் முற்றும்போது அவற்றின் புரதச் சத்து விரைவில் குறைகிறது. அது நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே இறங்கினால், மாட்டின் இரைப்பையில் புல்லைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வலுவிழக்கும். அப்போது தொட்டி நிறையப் புல் இருந்தும் மாடு குறைவாகவே உண்ணும்.

இவ்விரு குறைகளையும் போக்க வல்லது பயறு வகைத் தீவனம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருப்பினும் புல் அதனை நேரே பயன்படுத்த இயலாது. பயற்றுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியாக்கள் அதனைப் பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுகின்றன. ஆயினும் இச்சத்து புல்லுக்கு உடனே கிட்டுவதில்லை. வேர்களும் உதிர்ந்த இலைகளும் மட்கிய பின்னரும், மேயும் மாட்டின் சாணம் வழியாகவுமே பெரும்பகுதி மண்ணைச் சேரும். எனவே உழவருக்குப் பொறுமை வேண்டும்.

இக்கூட்டுறவு தானே நிலைத்துவிடாது. உயர்ந்து வளரும் புல் பயற்றின் மீது நிழல் பரப்பி அதனை நலியச் செய்யும். இதனைத் தவிர்க்க, மூன்று வரிசை கம்பு நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் பயிரிட்டு, இரண்டையும் சேர்த்து அறுத்து மாடுகளுக்கு இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீர் 80 டிகிரி சூட்டுக்கு வந்தபின், விதையை ஏறக்குறைய 5 நிமிடம் அதில் இட்டு, பிறகு இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். நீர்வசதியற்ற மானாவாரி நிலத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் ஏற்ற இணை.

ஒரே பயற்றினத்தை நம்புவதும் நன்றன்று. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் பெருமளவில் பரவியிருந்த டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்னும் முயல்மசால் இனம், 1970-களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோயால் பேரழிவுக்கு உள்ளாயிற்று.

இம்முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் கொழுக்கட்டைப்புல்லும் நரிப்பயற்றங்கொடியும் ஒருங்கே வளர்கின்றன. பெயர்பெற்ற காங்கேயம் மாடுகள் இம்மேய்ச்சலில் வளர்ந்தவையே. இன்று இந்நிலங்கள் பல வேறு பயன்களுக்கு மாறி வருகின்றன. ஆராய்ச்சி நிலையங்கள் இன்று பரிந்துரைக்கும் கூட்டுப்பயிரை நம் முன்னோர் வறண்ட மண்ணில் நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளனர். எஞ்சியுள்ள கொறங்காடுகளைக் காப்பதும், பாசன வசதியுள்ள உழவர் தம் தீவனப் பாத்தியில் புல்லுடன் ஒரு வரிசை பயற்றுக்கேனும் இடமளிப்பதும் நம் கால்நடைச் செல்வத்துக்கு உறுதி பயக்கும்.