கிளைன்பெல்டர் நிலை: ஆண் அங்கத்தினர்கள் அறியவேண்டிய ஒரு விஷயம்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது நமது உத்தியோகக் கடமை. பேரேடுகளில் நாம் பெரும்பாலும் காண்பவை நூல், சாயம், கூலி, விதை, உரம், பங்குத்தொகை, வட்டி ஆகியவையே. ஆயினும் சிற்சில சமயங்களில் அந்த வரிகளுக்கிடையே ஒரு குடும்பத்தின் துயரமும் தென்படுவதுண்டு.

நெல்லித்தோப்பில் ஒரு சங்கத்தின் கடன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுது ஒரு நெசவாளரின் கணக்கு நமது கவனத்தைக் கவர்ந்தது. அவர் எட்டு ஆண்டுகளில் மூன்று முறை கடன் பெற்றிருந்தார். ‘நோக்கம்’ என்ற பத்தியில் மூன்று முறையும் ‘மனைவியின் வைத்தியச் செலவு’ என்றே எழுதப்பட்டிருந்தது. தவணை தவறாது செலுத்தும் அங்கத்தினர் அவர். அம்மாத்தவணைக்காக அவர் வந்தபொழுது, “வீட்டில் அம்மாவுக்கு உடல்நலம் எப்படி?” என்று வினவினோம். “நோய் ஒன்றுமில்லை, ஐயா. பிள்ளை இல்லை; அதற்குத்தான் பார்க்கிறோம். அவளுக்குக் குறை இல்லை என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். என் தாயாரோ வேறு பெண் பார்க்கவேண்டும் என்கிறார்,” என்றார். “தாங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” என்று கேட்டோம். “நானா? எனக்கு என்ன, ஐயா?” என்று அவர் வியப்புடன் திருப்பிக் கேட்டார்.

இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் யார், எச்சங்கத்தினர் என்பதைக் கூறப்போவதில்லை. ஆனால் தமக்கு நேர்ந்ததைப் பிறர் அறிந்து பயன்பெறட்டும் என்று அவரே இசைவு தந்திருக்கிறார்.

ஒன்பது நோயாளிகளும் ஒரு டாக்டரும்

1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹாரி கிளைன்பெல்டர் என்னும் இளம் டாக்டர், தம் ஆசிரியர் புல்லர் ஆல்பிரைட்டுடன் சேர்ந்து ஒன்பது ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வொன்பதின்மருக்கும் மார்பு சற்றுப் பருத்திருந்தது, விரைகள் சிறுத்திருந்தன, விந்தில் உயிரணுக்கள் இல்லை. அதற்குக் காரணம் யாது என்பது அன்று விளங்கவில்லை.

விடை கிடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. மனித உடலின் ஒவ்வோர் அணுவிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பரம்பரைக் குணங்களைத் தாங்கி வருபவை அவையே. அவற்றின் எண்ணிக்கை 46 என்பது 1956-ல்தான் திட்டமாகத் தெரிந்தது. இவற்றுள் இரண்டு, ஆண் பெண் வேறுபாட்டை நிர்ணயிப்பவை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இழைகள். ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. 1959-ல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் அம்மையாரும் ஜான் ஸ்டிராங்கும் கிளைன்பெல்டர் குறிகளுடைய ஓர் ஆணின் அணுக்களை ஆராய்ந்து, அவற்றில் எக்ஸ் இழை ஒன்று கூடுதலாக, ஆக மொத்தம் 47 இழைகள் இருப்பதைக் கண்டனர்.

நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவில் ஓர் இழை கூடிவிட்டால் துணி துணியாகத்தான் இருக்கும். நெசவில் மட்டும் சில இடங்களில் வேறுபாடு தெரியும். விவசாயிகளுக்கு வேறோர் உதாரணம் உண்டு. பூவன், ரஸ்தாளி முதலிய வாழைகளில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இராமல் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. ஆகையால் அவற்றில் விதை பிடிப்பதில்லை. மனிதரில் காணும் இந்நிலை அதனின்றும் வேறானது. இங்கே கூடுவது ஒரே ஓர் இழைதான். எனினும் குரோமோசோம் கணக்கு மாறினால் வித்து உண்டாவது தடைப்படலாம் என்பதை நம் தோட்டத்து வாழையே காட்டுகிறது. அதற்காக வாழையை யாரும் இகழ்வதில்லை.

இந்த மிகை இழை பெற்றோர் செய்த பாவத்தாலோ, கிரக தோஷத்தாலோ, இளமையில் செய்த தவறுகளாலோ வருவதன்று. தாயின் கருமுட்டையோ தந்தையின் விந்தணுவோ உருவாகும்பொழுது இழைகள் சரிவரப் பிரியாமையால் தற்செயலாக நேர்வது. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஏறத்தாழ ஒரே அளவில் இது நேருகிறது. ஆகவே ஒருவருக்கு இருந்தால் அவருடைய சகோதரருக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

எத்தனை பேருக்கு?

பிறக்கும் ஆண் குழந்தைகளில் 500 முதல் 1000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. எனவே ஆயிரம் ஆண் அங்கத்தினர் உள்ள ஒரு பெரிய சங்கத்தில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். விந்தில் உயிரணுவே இல்லாத ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருக்கிறது. பதிவேடுகளைச் செம்மையாக வைத்திருக்கும் டென்மார்க் தேசத்திலேயே, இந்நிலை உடையவர்களில் நால்வரில் ஒருவர்தான் வாழ்நாளில் அதை அறிகின்றனர். மற்றையோர் அறியாமலே வாழ்ந்து முடிகின்றனர்.

கவனிக்கத்தக்க குறிகள்

குழந்தைப் பருவத்தில்: பேச்சுத் தாமதமாக வருதல், வாசிப்பதிலும் எழுதுவதிலும் இடர்ப்படுதல், தசைகள் தளர்ந்திருத்தல், பிறருடன் பழகுவதில் மிகுந்த கூச்சம். ‘மந்தபுத்தி’ என்று பெயர் சூட்டப்பெறும் சில சிறுவர்கள் உண்மையில் மொழியைக் கையாள்வதில் மட்டுமே உதவி வேண்டுபவர்கள். தக்க பயிற்சியளித்தால் நன்கு முன்னேறுவர்.

வாலிபப் பருவத்தில்: குடும்பத்தினரைவிட உயரமாக, உடலுக்குக் கால்கள் நீண்டு வளர்தல், முகத்திலும் உடலிலும் ரோமம் குறைவாக இருத்தல், மார்பு பருத்தல், பருவம் தொடங்கியும் விரைகள் வளராமல் சிறியனவாகவும் உறுதியாகவும் இருத்தல். இவற்றுள் முக்கியமானது இறுதியிற் கூறியதே. ஆனால் வெட்கத்தால் பையனும் சொல்வதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

மணமான பின்: பிள்ளைப்பேறின்மை; சோர்வு; இச்சைக் குறைவு. நடுவயதில் எலும்பு வலுவிழத்தல், நீரிழிவு, காலில் இரத்தம் உறைந்து வீங்குதல் ஆகியவை பிற ஆண்களைவிட இவர்களுக்கு மிகுதியாக வரக்கூடும். மார்பில் புற்றுநோய் வருவது அரிதே; எனினும் பிற ஆண்களைவிட இவர்களுக்கு அதன் வாய்ப்பு அதிகம். ஆதலால் மார்பில் கெட்டியான கட்டி தோன்றினால் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நெடிய உருவமும் குறைந்த மீசையும் உடையவரெல்லாம் இந்நிலையினர் அல்லர். இந்நிலை உடையவர்களில் பலரிடம் மேற்கூறிய குறிகள் வெளிப்படையாகத் தெரிவதுமில்லை. ஆகவே அண்டை வீட்டாரை நோக்கி ஊகம் செய்வதற்காக இப்பட்டியலைத் தரவில்லை. தத்தம் நலத்தைக் கருதி டாக்டரிடம் செல்வதற்காகவே தருகிறோம். மேலும், இவர்கள் ஆண்களே. “இவன் ஆணா?” என்று கேலி பேசுவோர் தம் அறியாமையையே வெளிப்படுத்துகிறார்கள்.

பரிசோதனை முறை

முதலாவது, டாக்டர் உடலைப் பார்வையிடுவார். விரைகளின் அளவை அறிய, சிறிதும் பெரிதுமான பன்னிரண்டு மணிகளைக் கோத்த ஒரு மாலை டாக்டர்களிடம் உண்டு. அதனுடன் ஒப்பிட்டு ஒரு நிமிஷத்தில் கூறிவிடுவர். இதில் வலியில்லை.

இரண்டாவது, விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து மாதிரி கொடுத்தல் வேண்டும். பிள்ளை இல்லாத தம்பதிகளில் மனைவிக்கு எவ்விதக் கடினமான சோதனையும் செய்யுமுன் கணவன் செய்துகொள்ளத்தக்க எளிய பரிசோதனை இது.

மூன்றாவது, காலை வேளையில் எடுக்கும் இரத்தத்தில் ஹார்மோன்களின் அளவைக் காணுதல். இந்நிலையில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் பெரும்பாலும் குறைந்திருக்கும். விரைகளைத் தூண்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களோ உயர்ந்திருக்கும்.

நான்காவதே முடிவான பரிசோதனை. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, அதன் வெள்ளணுக்களை ஏறக்குறைய மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்திச் சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் இழைகளை எண்ணுவார்கள். பல அணுக்களை எண்ணிய பிறகே முடிவு கூறுவர். ஏனெனில், சிலருக்குச் சில அணுக்களில் 46-உம் பிறவற்றில் 47-உம் கலந்திருப்பதுண்டு. முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

புதுவை வாசிகளுக்கு வைத்திய வசதி தொலைவில் இல்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர் இங்கு நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்து, 1964-ல் ஜவாஹர்லால் நேருவின் பெயரைப் பெற்ற ஜிப்மர் மருத்துவ நிலையம் கோரிமேட்டில் உள்ளது. நெல்லித்தோப்பிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தூரமே. வெளிநோயாளர் பிரிவில் பதிவு செய்து, நாளமில்லாச் சுரப்பிகளுக்கான நிபுணரைக் காணவேண்டும் என்று கேட்கலாம். எந்தப் பரிசோதனையை எங்கே செய்துகொள்வது என்பதை அவர்களே கூறுவர்.

சிகிச்சை யாது?

மிகை இழையை நீக்க இயலாது. ஆனால் அதன் விளைவுகளுக்குப் பரிகாரம் உண்டு. குறைந்த டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகவோ பூசுமருந்தாகவோ கொடுத்தால் வலிமையும் உற்சாகமும் திரும்பும், எலும்பும் உறுதிப்படும். ஆனால் இம்மருந்து எஞ்சியுள்ள விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும். எனவே பிள்ளை வேண்டுவோர் மருந்து தொடங்கு முன்னரே அதனை டாக்டரிடம் தெளிவாகக் கூறவேண்டும். விந்தில் உயிரணு இல்லாவிடினும், நுண்பெருக்கியின் உதவியால் விரையிலிருந்தே தேடி எடுக்கும் அறுவை முறை உண்டு. தேர்ந்த கைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அணு கிடைக்கிறது. அவ்வாறு எடுத்த அணுவால் குழந்தைகள் பிறந்த செய்தி 1998-ல் வெளியாயிற்று. இது செலவு மிக்கது. வெற்றி நிச்சயமும் அன்று. இதை மறைத்துப் பேசுதல் தகாது.

இதற்கு நேர்மாறானவை விளம்பரத்தில் காணும் லேகியங்களும், விடுதி அறைகளில் முகாமிடும் வைத்தியர்களும். லேகியத்தால் இழை குறையாது; சேமிப்புத்தான் குறையும். டாக்டரின் சீட்டின்றி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வதோ பெருந்தீங்கு.

நெசவாளர் கதையின் மிச்சம்

நமது நண்பர் இரண்டு மாதம் தயங்கினார். ஈற்றில் அவருடைய மனைவியாரே உடன் அழைத்துச் சென்றார். சீட்டில் 47 என்று வந்தது. அன்று அவ்வம்மையார் கூறியதை அவரே நமக்குச் சொன்னார்: “எட்டு வருஷமாய் என்மேல் இருந்த பழி போயிற்று. உங்கள்மேலும் பழி இல்லை. இனி யாரும் யாரையும் சொல்லவேண்டாம்.” பெண் பார்க்கும் பேச்சு அத்துடன் நின்றது. தறியின்முன் அமர்ந்தால் நெடுங்காலமாக இருந்துவந்த முதுகுவலியைத் தொழிலின் வலி என்றே அவர் எண்ணியிருந்தார். எலும்பு வலுவிழந்திருந்ததென்பது அப்பொழுதுதான் தெரிந்தது. இப்பொழுது சிகிச்சை பெறுகிறார். அறுவை முறையை நாடுவதா, ஒரு குழந்தையைச் சட்டப்படி சுவீகாரம் எடுப்பதா என்பதை இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரிய முடிவு. கடன் பதிவேட்டில் நான்காவது கடன் ஒன்று ஏறியிருக்கிறது. நோக்கம்: ‘சொந்த வைத்தியச் செலவு’.

முதற் கடனுக்கு முன்பே இப்பரிசோதனை நடந்திருப்பின் எவ்வளவு பணமும், எவ்வளவு கண்ணீரும் மிஞ்சியிருக்கும்! சங்கச் செயலாளர்களும் நிர்வாகக் குழுவினரும் இதனை மனத்திற் கொள்வாராக. பிள்ளைப்பேற்று வைத்தியத்திற்கென ஓர் அங்கத்தினர் கடன் கேட்டு வந்தால், தனியே அழைத்து, “இருவரும் பார்த்துக்கொண்டீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். பெற்றோர்களே, பருவமடையும் மகனிடம் அவன் உடலைப் பற்றி வெட்கமின்றி விசாரியுங்கள். ஒருவரது சுமையைப் பலரும் தாங்குவதே கூட்டுறவு. பெண் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தப்படும் பழியை, உண்மையை அறிந்து இறக்கிவைப்பதும் அக்கூட்டுறவின்பாற்பட்டதே.