பெயர் உள்ள சீட்டும் பெயர் இல்லாத பட்டியலும்

1730-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் மேரி, ஆன் என்ற இரண்டு சகோதரிகள் துணிக்கடை நடத்திவந்தார்கள். இருவரும் திருமணமாகாதவர்கள். கடையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தபோது, வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க ஒரு சீட்டு அச்சடித்தார்கள். லாங் வாக் முனையில் இருந்த பழைய ஃபிராக் கடை, இப்போது லிட்டில் பிரிட்டன் வாசலை ஒட்டி, கிங்ஸ் ஆர்ம்ஸ் சின்னம் தொங்கும் இடத்துக்கு வந்துவிட்டது என்று அதில் வழி சொன்னார்கள். கூடவே கடையின் உட்புறப் படம். அதன் கீழே சரக்குப் பட்டியல்: தைத்துத் தயாராக வைத்திருக்கும் மேலங்கிகள், ஃபஸ்டியன் என்ற முரட்டுத் துணியில் தைத்த உடுப்புகள், கோடுபோட்ட பருத்தியிலும் ஃபிளானலிலும் கையில்லாச் சட்டைகள், கான்வாஸ் அங்கிகள், நீலக்கோட்டுப் பையன்களுக்கு உள்கால்சட்டைகள். மொத்தமாகவும் சில்லறையாகவும் நியாயமான விலையில் கிடைக்கும் என்று முடித்திருந்தார்கள்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒரு தெருவின் வாழ்க்கையே கண்ணுக்குத் தெரியும். நீலக்கோட்டுப் பையன்கள் என்றால் பக்கத்திலேயே இருந்த கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற தர்மப் பள்ளியின் மாணவர்கள். நீல நிற நீளங்கிதான் அவர்கள் சீருடை. ஆக, சகோதரிகள் பள்ளிக்கூடத்தை நம்பியும் வியாபாரம் செய்தார்கள். கான்வாஸும் ஃபஸ்டியனும் உழைப்பாளிகள் உடுத்தும் துணிகள். அளவெடுத்துத் தைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. அப்போதே தைத்த உடுப்பை வாங்கிப்போகும் எளியவர்கள் கூட்டம் ஒன்று இருந்தது என்பதற்கும் இந்தச் சீட்டே சாட்சி. சகோதரிகளின் அண்ணன் வில்லியம் ஹோகார்த், பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியரானவர். எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளிப் பாத்திர வேலைக்காரரிடம் செதுக்கு வேலை பழகித்தான் அவர் தொழிலுக்கு வந்தார். தங்கைகளுக்காக இந்தச் சீட்டைச் செதுக்கியவரும் அவரே என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இப்படிப்பட்ட கடை அட்டைகள் லண்டனில் 17-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்து, 18-ஆம் நூற்றாண்டில் பெருகின. மரச்சாமான் செய்பவர், கூடை முடைபவர், விசிறி செய்பவர், தகரப் பாத்திரக்காரர், தேயிலை விற்பவர் என்று தொழில் நடத்தியவர்கள் பலரிடமும் ஒரு செப்புத் தகடு இருந்தது. வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கும், சாமான் கட்டிய பொட்டலத்தோடு வைத்து அனுப்புவதற்கும் அட்டை உதவியது. பின்பக்கத்தில் கணக்கெழுதி ரசீதாகவே கொடுத்துவிடுவதும் உண்டு. இன்றைய ஆய்வாளர்களுக்கு அந்தப் பின்பக்கம் பெரும் புதையல். இன்ன தேதியில் இன்னார் வீட்டுக்கு இத்தனை நாற்காலி, இவ்வளவு விலை என்று முன்பக்கத்துப் பெருமைப் பேச்சுக்குப் பின்னால் உண்மைக் கணக்கு இருக்கும்.

முகவரி ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது? வீடுகளுக்கு எண் கிடையாது. எழுத்தறியாதவர்களும் அடையாளம் காண, ஒவ்வொரு கடை வாசலிலும் மரத்தாலோ இரும்பாலோ ஒரு சின்னம் தொங்கியது. மளிகைக்காரருக்குக் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி, கூடைக்காரருக்குத் தொட்டில், மரச்சாமான் கடைக்கு நாற்காலி. போட்டியில் பலகைகள் வளர்ந்துகொண்டே போய்த் தெருவின் வெளிச்சத்தை மறைத்தன. 1718-இல் பிரைட் லேன் தெருவில் ஒரு பலகையின் பாரம் தாங்காமல் சுவர் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். 1762-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் தெருச் சீரமைப்புச் சட்டம் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பலகைகளை இறக்கச் சொன்னார்கள். பிறகு மெல்ல மெல்ல வீட்டு எண்கள் வந்தன. தெருவில் இறக்கப்பட்ட சின்னங்களோ அட்டைகளில் பின்னும் பல ஆண்டுகள் இடம்பெற்றன.

அட்டை அடிக்கும் வேலை எளிதல்ல. செதுக்குபவர் எழுத்து முழுவதையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிச் செம்பில் கீற வேண்டும். கீறலில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தத்தில் ஓட்டுவார்கள். நல்ல பிரதியில் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளத்தை விரலால் தடவியே உணரலாம். கடை இடம் மாறினாலோ கூட்டாளி விலகினாலோ புதுத் தகடு வாங்குவது செலவு. ஆகவே பழைய எழுத்து இருந்த இடத்தை மட்டும் மழித்து, மெருகேற்றி, புதிதாகச் செதுக்குவார்கள். ஒரே படத்தின் கீழ் முகவரி மட்டும் வேறாக இரண்டு அட்டைகள் கிடைத்தால், அந்தக் கடை எப்படி நகர்ந்தது என்ற கதையும் கிடைத்துவிடும்.

தச்சர்கள் லாண்டலும் கார்டனும் லிட்டில் ஆர்கைல் தெருவில் ‘கிரிஃபினும் நாற்காலியும்’ என்ற சின்னத்தின் கீழ் கடை வைத்திருந்தார்கள். மேசை, நாற்காலி, கண்ணாடிச் சட்டம், சன்னல் மறைப்பு என்று வரிசையாகச் சொல்கிறது அவர்கள் அட்டை. டோரதி மெர்சியர், ஓவியர் பிலிப் மெர்சியரின் மனைவி. கணவர் 1760-இல் இறந்தபின் விண்ட்மில் தெருவில் ‘தங்கப் பந்து’ சின்னத்தில் அச்சுப்படங்களும் எழுதுபொருள்களும் விற்றார். அழகான ஓர் அட்டையும் அடித்துக்கொண்டார். ஜான் ஹண்ட் என்பவரின் தொழில், இரவு நேரத்தில் வீட்டு மலக்குழிகளைக் காலி செய்து குப்பை ஏற்றிச் செல்வது. அவருக்கும் அட்டை உண்டு, படத்தோடு. ஊர் முகம் சுளித்த வேலையைச் செய்த ஒரு மனிதர் தன் பெயரைச் செம்பில் வெட்டி வைத்தார். இந்த அட்டைகளில் மிகவும் மதிக்கத்தக்கது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் நம் காலம்வரை தப்பி வந்ததற்கு இருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒருவர் சாரா பேங்க்ஸ், தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை. ‘குப்பை’ என்று மற்றவர்கள் ஒதுக்கிய சீட்டுகளை அவர் தேடிச் சேர்த்தார். 1818-இல் அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. மற்றவர் ஆம்புரோஸ் ஹீல். லண்டனில் 1810-இல் தொடங்கிய ஹீல்ஸ் மரச்சாமான் நிறுவனக் குடும்பத்தில் பிறந்தவர். தாமே மரச்சாமான் வடிவமைப்பாளர். தன் தொழிலின் முன்னோர்களைத் தேடப் போய்ப் பல்லாயிரம் அட்டைகளைச் சேர்த்தார். 1925-இல் லண்டன் வணிகர் அட்டைகளைப் பற்றியும், 1953-இல் 1660 முதல் 1840 வரை வாழ்ந்த லண்டன் மரச்சாமான் தொழிலாளர்களைப் பற்றியும் அவர் புத்தகங்கள் வெளிவந்தன. இரண்டாவது புத்தகத்தில் வரும் பல கைவினைஞர்களுக்கு வாழ்ந்த தடயமே அந்த ஒற்றை அட்டைதான்.

அட்டை சிறு கடைக்காரரின் கருவி. பொருளைப் பார்க்காமலேயே தூரத்திலிருந்து வாங்கவைக்க வேண்டுமென்றால் கேட்டலாக் வேண்டும். தாமஸ் சிப்பண்டேல் 1754-இல் வெளியிட்ட ‘தி ஜென்டில்மேன் அண்ட் கேபினெட்-மேக்கர்ஸ் டைரக்டர்’ ஒருவகையில் தம் பட்டறைக்கே செய்துகொண்ட மாபெரும் விளம்பரம். யார்க்ஷயரின் ஓட்லியில் பிறந்த அந்தத் தச்சரின் பெயர், புத்தகத்தின் வழியே ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனமும் 1770-களில் கேட்டலாக் வெளியிட்டது.

ஆனால் பர்மிங்ஹாம் பித்தளைப் பட்டறைகளின் கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கிருந்து இழுப்பறைக் கைப்பிடி, சாவித் துவாரத் தகடு, கீல், மெழுகுவத்தித் தாங்கி எல்லாம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அவற்றுக்கு மாதிரிப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு பொருளும் அசல் அளவிலேயே செதுக்கப்பட்டிருக்கும். தச்சர் தான் செய்யும் இழுப்பறைக்குப் பொருந்துகிறதா என்று படத்திலேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். விலையைக் கையால் எழுதியிருப்பார்கள். ஒன்று மட்டும் இருக்காது: செய்தவர் பெயர். அது மறதியல்ல. புத்தகத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர்கள் இடைத்தரகு வணிகர்கள். பட்டறையின் பெயரும் முகவரியும் தெரிந்துவிட்டால் வாங்குபவர் நேரே அங்கே போய்விடுவார், தரகு போய்விடும். எனவே பெயர் விலக்கப்பட்டது. இன்று பழைய மேசை ஒன்றின் கைப்பிடி எந்தப் புத்தகத்தின் எந்த எண் என்று கண்டுபிடித்துவிடலாம்; அதை வார்த்தவர் யாரென்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் இந்தப் பெயர் விவகாரம் இன்னொரு வடிவம் எடுத்தது. பல வண்ணக் கல்லச்சு வந்துவிட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே அட்டை பல கற்களில் ஏறி இறங்கும். பாஸ்டனில் லூயி பிராங் இந்தக் கலையில் பெயர் பெற்றவர். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் வண்ண அட்டைகள் மக்களிடம் பரவின. அடுத்த இருபது ஆண்டு அவற்றின் பொற்காலம். பூக்களும் பூனைக்குட்டிகளும் நிறைந்த அட்டைகளை மொத்தமாக அடித்து, ஒரு மூலையைக் காலியாக விட்டுவிடுவார்கள். எந்த ஊர்ப் பாத்திரக்கடைக்காரரும் வாங்கித் தன் பெயரை அந்த இடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். சிவகாசி காலண்டர்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆல்பத்தில் முருகனையோ லட்சுமியையோ எண் சொல்லித் தேர்ந்தெடுத்து, கீழே கடைப் பெயர் போட்டு வாங்கும் அதே முறைதான்.

பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்றே படம் வரைவித்தன. ரோட் ஐலண்டின் கெண்டல் நிறுவனம் தன் சோப்பைன் என்ற சலவைப் பொடிக்கு, திமிங்கிலத்தையே தேய்த்து வெள்ளையாக்கும் காட்சியைப் போட்டது. குழந்தைகளும் பெண்களும் அட்டைகளை ஆசையாகச் சேர்த்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். ஒட்டிவைத்ததால்தான் இவ்வளவும் பிழைத்தன. அழகு மட்டும் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லினாய்ஸ் மாநிலத்தில் விற்ற ‘மேஜிக் வாஷர்’ என்ற சலவைப் பொருளின் 1886 அட்டையில், சீனர் ஒருவரை, அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் உதைத்து விரட்டுகிறார். சீனர்கள் வெளியேற வேண்டும் என்ற வாசகமும் இருக்கிறது. சீனர் குடியேற்றத்தைத் தடுத்த 1882 சட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்குப் பிந்தையது அது. சட்டப் புத்தகத்தில் இருந்த வெறுப்பு சமையலறைக்கும் குழந்தைகளின் ஆல்பத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்த அட்டையைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வண்ணப் பத்திரிகைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், 1900-ஐ ஒட்டி இந்த அட்டைகள் ஓய்ந்தன. கேட்டலாக்கோ வளர்ந்தது. சிகாகோவில் மாண்ட்கமரி வார்டு 1872-இல் ஒற்றைத் தாளாகத் தொடங்கிய அஞ்சல் விற்பனையும், பின்னால் வந்த சியர்ஸ் நிறுவனமும் கிராமத்து வீடுகளுக்கு அடுப்பு முதல் தையல் மிஷின் வரை அனுப்பின. சியர்ஸ் 1908 முதல் முழு வீட்டையே பலகை பலகையாக அனுப்பி விற்றது. அதன் பெரிய கேட்டலாக் 1993 வரை வந்தது.

தமிழ் வாசகர் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டிய கேட்டலாக் இவற்றுக்கு முன்பே, 1866-இல் தயாரானது. லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், அங்கே சேர்ந்திருந்த இந்தியத் துணிகளை வெட்டித் துண்டுகளாக்கினார். 700 மாதிரிகள், 18 தொகுதிகள், அப்படி 20 செட். மொத்தம் 14,000 துண்டு அசல் துணி. 13 செட் பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போயின. மெட்ராஸ் உட்பட இந்தியாவின் இடங்களுக்கு 7. நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. இந்தியர்கள் உண்மையில் உடுத்துவது எது என்று மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல் நெய்து இங்கே விற்க வேண்டும். இந்தியாவில் இருக்கும் வியாபாரி எண்ணைச் சொன்னால் பிரிட்டனில் இருப்பவர் அதே எண்ணைப் புரட்டிப் பார்ப்பார்.

அந்தப் பக்கங்களில் சென்னை மாகாணத்தின் துணிகளும் உண்டு. தலைப்பாகைத் துணியோ சேலையோ, கரையும் உடலும் எப்படிச் சேர்கின்றன என்று தெரியும்படி கவனமாக வெட்டியிருப்பார்கள். நீளம், அகலம், எடை, எங்கே கிடைத்தது என்ற விவரமும் இருக்கும். நெய்தவர் பெயர் மட்டும் எங்கும் கிடையாது. பர்மிங்ஹாமில் இடைத்தரகர்கள் பட்டறையின் பெயரை எடுத்தது வியாபாரப் போட்டிக்காக. இங்கே நெசவாளர் பெயர் கேட்கப்படவே இல்லை. கேட்டலாக்கே அவருக்குப் போட்டியாளரை உருவாக்கத்தான். ஆனாலும் இன்று அதே தொகுதிகள், 1866-க்கு முன் நம் தறிகளில் என்ன நெய்தார்கள் என்பதைச் சாயமும் இழையுமாகக் காட்டும் அரிய ஆவணங்களில் ஒன்று. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஹாரிஸ் மியூசியத்தில் ஒரு செட் இருக்கிறது.

நம்மூரில் இப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களைக் காப்பாற்றியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். அவருடைய தொழிலே விளம்பரப் பலகை எழுதுவது. புத்தகங்களோடும் பத்திரிகைகளோடும் நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் போன்றவற்றையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. லண்டனில் மரச்சாமான் கடைக்காரர் ஹீல் செய்ததை இங்கே ஒரு பலகை எழுத்தாளர் செய்தார்.

இன்னும் எவ்வளவோ வீடுகளின் பரண்களில் எவர்சில்வர் கடை விலைப்பட்டியலும், பட்டுச் சேலைப் பெட்டியின் மூடியும், நகைக்கடை ரசீதும் கிடக்கின்றன. வீடு காலி செய்யும் நாளில் அவை முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. போடுமுன் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. உரிமையாளர் பெயரும் தெருவும் இருக்கும். சில ரசீதுகளில் மூன்றிலக்கத் தொலைபேசி எண்கூட இருக்கும், அதை வைத்தே காலத்தைக் கணக்கிடலாம். பின்பக்கத்தில் யாரோ கையால் எழுதிய செய்கூலியும் சேதாரமும் இருந்தால், அந்தக் காகிதத்துக்கு ஓர் உறை வாங்கிப் பத்திரப்படுத்திவிட வேண்டும்.